மச்சாளின் ஒரு மிடறு

கடைக்காரன் சின்னக் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பதை என் மச்சாள் வாங்குகிற விதம் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு விரலால் வாங்குவார். மூக்கருகே கொண்டுபோவார். ஒரு மிடறு வாயில் எடுப்பார். ஆனால் விழுங்க மாட்டார். அதைக் கன்னத்துக்குள் வைத்துக்கொண்டு, கடைக்கண்ணாடிக்கு வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்தபடி நிற்பார். கடைக்காரன் காத்திருப்பான். பின்னால் சீஸ் வாங்க வந்தவர்களும் காத்திருப்பார்கள். ஏதோ நீதவான் தீர்ப்பு எழுதுகிற மாதிரி கடையே வாயை மூடிக்கொண்டு நிற்கும்.

வாங்கப் போவது தேன்மது. தேனைத் தண்ணீரில் கரைத்து, புளிக்கவிட்டு, மாதக்கணக்காய் வைத்திருந்து வடித்து எடுக்கிற பானம். இங்கிலீஷில் மீட் என்பார்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்டில் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. சீஸ் கடை, பண்ணைச் சாமான் விற்கிற கடை, போலந்துக்காரர் கடை என்று அலைய வேண்டும். நான் மனதுக்குள் அதற்கு வைத்த பெயர் தேன்சாராயம். “சாராயம் இல்லை அம்மா, வைன் மாதிரி” என்று என் மகள் ஆரணி திருத்துவாள். அவளுக்கு இதெல்லாம் தெரியும். மாமி மாமி என்று மச்சாளோடு போகிறவள் அல்லவா.

மச்சாள் என் கணவரின் அக்கா. வெகுகாலம் டென்மார்க்கில் இருந்தவர். தன் கணவர் இறந்த பிறகு லண்டனுக்கு வந்து, தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் இருந்தார். இப்போது மறுபடி டென்மார்க்குக்கே போய் மகனோடு இருக்கிறார். சனிக்கிழமையில் அங்கிருந்து போன் வரும். ஆரணி அறைக்கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைப்பாள். நான் வெளியே மடித்த உடுப்பையே திரும்ப மடித்துக்கொண்டு நிற்பேன். இத்தனைக்குப் பிறகும் எரிகிறது, பொய் சொல்வானேன்.

அந்த மிடறு சமாச்சாரத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. மனிதர்களுக்கு மௌனம் தாங்காது. மச்சாள் வாயைத் திறக்காமல் நிற்க நிற்க, கடைக்காரனுக்கு என்னவோ செய்யும். முதலில் அது எந்த ஊர்த் தேன் என்று சொல்லுவான். பிறகு இந்த வருடம் அவ்வளவு திறம் இல்லை என்று தானாகவே ஒத்துக்கொள்வான். கடைசியில் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து வேறு ஒரு போத்தலை எடுத்து, “இதைக் குடித்துப் பாருங்கள்” என்பான். மச்சாள் அப்போதுதான் முதல் மிடறை விழுங்குவார். ஒரு சொல் பேசாமல் உள்ளதில் நல்ல போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே வருவார். யாராவது அவசரப்படுத்தினால் கையை மெல்ல உயர்த்துவார். விழுங்கிய பிறகு, “பொறுங்கோ, இன்னும் வருது” என்பார். ருசி இன்னும் வருகிறதாம்.

நானும் ஒருதடவை கூடப் போனேன். கிறிஸ்டல் பேலஸ் மேட்டில் ஒரு சீஸ் கடை. மணம் பிடிக்காமல் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். மச்சாள் மிடறை வாயில் எடுத்தார். கடை அமைதியானது. அந்த அமைதியில் கடைக்காரனுக்கு வாய் திறக்க நான் இடம் கொடுக்கவில்லை. என் முழங்கால் நோவு, இவர் டென்மார்க்கில் இருந்து வந்தவர், இது என் மகள், கணக்காளராக இருக்கிறாள், இருபத்தேழு வயது, மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். விட்டிருந்தால் ஆரணியின் சம்பளத்தையும் சொல்லியிருப்பேன். அவள் என் காலை மிதித்தாள். அன்றைக்கு மேசைக்கு அடியிலிருந்து போத்தல் ஒன்றும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் சப்பாத்துப் போடப் போனபோது ஆரணி சொன்னாள்: “உங்களுக்குக் கால் நோ எல்லோ அம்மா. நீங்க ரெஸ்ட் எடுங்கோ.”

கோயிலுக்கு வா என்றால் களைப்பு என்கிற பிள்ளை. சித்தப்பா வீட்டு விருந்துக்கு வா என்றால் தலையிடி என்கிற பிள்ளை. சனிக்கிழமை காலையில் மட்டும் குளித்து, மை தீட்டி, நான் எழும்ப முதலே வாசலில் நிற்பாள். பொழுதுபட இரண்டு பேரும் கடதாசிப் பைகளோடு வருவார்கள். வரும்போதே எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டு வருவார்கள். என்ன பகிடி என்று கேட்டால், “அது சொன்னா விளங்காது அம்மா” என்று பதில் வரும். நான் பெற்று, பால் கொடுத்து, சளிக்கு நெஞ்சு தடவி வளர்த்த பிள்ளையின் பகிடி எனக்கு விளங்காதாம்.

ஒருநாள் நண்டுக்கறி வைத்து மச்சாளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். எதிலாவது அவரை வென்றாக வேண்டும் என்றிருந்தது. அவர் குழம்பை வாயில் வைத்தார். வழக்கம்போல விழுங்காமல் யன்னலைப் பார்த்தார். நான் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

“மிளகு கொஞ்சம் கூடிப்போச்சு மச்சாள். நண்டும் நேற்றையான்தான். இவர் பிந்தி வந்தவர், அந்த அவசரத்தில புளியும் காணாது...”

மச்சாள் விழுங்கினார். “நல்லாத்தானே இருக்கு” என்றார்.

என் கறியின் குறைகளை எல்லாம் என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு நல்லாயிருக்காம். ஆரணி தட்டைப் பார்த்துச் சிரித்தாள். என் கணவர், “அக்கா அப்பிடித்தான்” என்றபடி இன்னொரு நண்டுக்கால் எடுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு உலகத்தில் எல்லாரும் அப்பிடித்தான்.

எங்கே இதைப் படித்தீர்கள் என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். மச்சாள் யோசித்துவிட்டுச் சொன்னார்: “போன புதுசில எனக்கு அந்தப் பாஷை தெரியாது. மீன் பக்டரியில வேலை. சுத்திவர எல்லாரும் கதைப்பினம். நான் வாயை மூடிக்கொண்டு நிப்பன். கொஞ்ச நாளில எல்லாரும் தங்கட வீட்டுப் பிரச்சினையை என்னட்டத்தான் வந்து சொல்லிச்சினம். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா கேட்டுக்கொண்டிருந்தன்.” மீன் வெட்டப் போன இடத்திலும் வெள்ளைக்காரிகளைக் கைக்குள் போட்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தோற்றுக்கொண்டே இருக்க முடியுமா? நானும் ஒரு போத்தல் வாங்குவது என்று தீர்மானித்தேன். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் வாங்கிய கையோடு, பக்கத்திலிருந்த போலந்துக்காரர் கடைக்குள் நுழைந்தேன். நம் சனம் யாராவது கண்டால் ஊறுகாய் வாங்க வந்தேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டேன். கடைப் பெண் என்னென்னவோ கேட்டாள். இனிப்புக் கூடியதா, குறைந்ததா? பழம் போட்டதா, போடாததா? “நல்லது” என்றேன். “எது உங்களுக்குப் பிடிக்கும்?” என்றாள். “எனக்கில்லை, மகளுக்கு” என்றேன். “மகளுக்கு எது பிடிக்கும்?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோபத்தில் இருந்ததிலேயே பெரிய போத்தலைக் காட்டினேன். குதிரையில் ஒருவன் வாளோடு இருக்கிற படம் ஒட்டியிருந்தது. முருங்கைக்காய்க்கு அடியில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஆரணியின் முன்னால் வைத்தேன். அவள் முகம் மலர்ந்தது உண்மைதான். ஒரு வாய் குடித்துவிட்டு, “தாங்க்ஸ் அம்மா. கொஞ்சம் இனிப்புக் கூட. நீங்க ருசி பாத்தோ வாங்கினீங்கள்?” என்றாள்.

“நான் ஏன் குடிக்கிறன்? எனக்கென்ன விசரோ?” என்றேன்.

அவள் மூடியைத் திருகி மூடினாள். அந்தப் போத்தல் வெகுநாள் குசினி அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தது.

அந்த மாரியில்தான் ஆரணிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை ஹாரோ பக்கம், எஞ்சினியர், நல்ல குடும்பம். சாதகம் பொருந்தி, பிள்ளைகள் இரண்டு பேரும் சில மாதம் சந்தித்துக் கதைத்து, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. மண்டபமும் சொல்லியாகிவிட்டது. மச்சாளிடம் சொல்லப் போனேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

“பிள்ளை என்ன சொல்லுறாள்?” என்றார்.

“அவளுக்குச் சம்மதம்தான் மச்சாள்.”

மச்சாள் தேத்தண்ணியை வாயில் எடுத்துக்கொண்டு வெளியே பார்த்தார். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“ஏன், உங்களிட்ட ஏதும் சொன்னவளோ?”

அவர் மிடறை மற்றக் கன்னத்துக்கு மாற்றினார்.

“சொல்லியிருந்தா சொல்லுங்கோ. நான் தாய்.”

மச்சாள் விழுங்கிவிட்டு, “நீர் அவளைக் கேளும்” என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்தான். “உனக்கு இதில விருப்பம்தானே? நல்ல பெடியன், குடி இல்லை, வேலை நிரந்தரம், தாய் தகப்பனும் தங்கமான ஆக்கள், உனக்கும் வயசு போகுது, விருப்பம்தானே?” என்று கேட்டேன். “ம்” என்றாள். வேறென்ன கேட்பது? ஆனால் அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. அவளுக்கு விருப்பமில்லையோ என்ற பயம் ஒரு பக்கம். விருப்பமில்லாவிட்டால் அதை மச்சாள் வாயால்தான் நான் அறிய வேண்டி வருமோ என்ற எரிச்சல் மறு பக்கம். எது பெரிது என்று கேட்டால், எரிச்சல்தான்.

ஆரணியின் பிறந்த நட்சத்திரம் வந்தது. கலியாணத்துக்கு முன் ஒரு அபிஷேகம் செய்துவிடுவோம் என்று கோயிலில் சொல்லியிருந்தேன். பால், தயிர், இளநீர், பழங்கள் எல்லாம் கூடையில் வைத்த பிறகுதான் தேன் வாங்க மறந்தது தெரிந்தது. வெளியே காருக்குள் இவரும் ஆரணியும் மச்சாளும் இருந்து ஹோர்ன் அடிக்கிறார்கள். கோட் எடுக்க மாடிப்படிக்குக் கீழிருக்கிற அலுமாரியைத் திறந்தேன். அங்கே ஒரு மண்நிறப் போத்தல். வாயில் மெழுகு அடைத்து, வயிற்றில் தேனீயும் தேன்கூடும் புடைப்பாகச் செதுக்கியிருந்தது. எழுத்து ஏதோ வெளிநாட்டு எழுத்து. குலுக்கினேன். சளக் சளக் என்றது. நம் கடைத் தேன் குளிருக்கு உறைந்து கல்லாய்க் கிடக்கும். இது கலப்படமில்லாத சுத்தத் தேன், மச்சாள்தான் டென்மார்க்கிலிருந்து எடுப்பித்துப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். முருகன் தந்தான் என்று கூடையில் வைத்தேன்.

அபிஷேகம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பால் முடிந்து தயிர் முடிந்து தேனுக்கு வந்தது. உதவிக்கு நின்ற ஐயர் மெழுகைக் கீறி தக்கையை இழுத்தார். டொப் என்று ஒரு சத்தம். முன்வரிசையில் கண்மூடி இருந்தவர்கள் கண் திறந்தார்கள். ஐயர் மூக்கைச் சுளித்தார். இன்னொரு தடவை மணந்து பார்த்தார். உள்ளே கொண்டுபோகாமல் என்னைப் பார்த்தார்.

“அம்மா, இது தேனோ?”

ஆரணி, “ஓ மை காட்” என்று முணுமுணுத்தது கேட்டது. அவ்வளவு பேரும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். அந்த அமைதியை நான் எப்படித் தாங்குவேன்?

“சுத்தத் தேன் ஐயா. ஒர்கானிக். விலை கூடின சாமான். இஞ்ச கிடைக்காது, டென்மார்க்கில இருந்து மச்சாள் கொண்டந்தவ, இவதான், கேட்டுப் பாருங்கோ...”

ஐயரின் கண் மச்சாள் பக்கம் திரும்பியது. ஊரே திரும்பியது. மச்சாள் என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் போத்தலை அவர் முதல் தடவையாக அப்போதுதான் காண்கிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். மற்ற நாளென்றால் யன்னல் பக்கம் பார்த்திருப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை.

“ஓம் ஐயா, என்ரதான். மருந்துக்கு எண்டு வச்சிருந்தது. மாறி வந்திட்டுது, குறை நினைக்காதேங்கோ” என்று சொல்லிக் கையை நீட்டிப் போத்தலை வாங்கிக்கொண்டார்.

ஐயர் கை கழுவிவிட்டு வந்தார். “சர்க்கரை போதும்” என்று மிச்சத்தைச் செய்தார். எனக்கு மட்டும் ஒரு மந்திரமும் காதில் ஏறவில்லை. என்னைக் காப்பாற்றிவிட்டாரே என்ற நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதையும் இவரே செய்துவிட்டாரே என்றுதான் வந்தது.

காரில் திரும்பினோம். ஆரணிதான் ஓட்டினாள். முன்னால் என் கணவர் கோயிலில் தந்த காளாஞ்சிப் பிரசாதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நானும் மச்சாளும். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் போத்தல்.

“அது என்ர போத்தல் அம்மா” என்றாள் ஆரணி, தெருவைப் பார்த்தபடி. “உங்களோட இருந்து ஒரு விஷயம் கதைக்க எண்டு வாங்கி வச்சனான்.”

“என்ன விஷயம்? கலியாணம்தானே? மண்டபம் பிடிக்கேல்லையோ? சேலைக் கலரோ? அவையள் ஏதும் கேட்டவையோ?”

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தி வந்ததும், “பிள்ளை, நான் இதில இறங்கிறன்” என்றார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்கோ என்று சொல்வதுதான் முறை. நான் சொல்லவில்லை. அவர் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. இறங்கும்போது போத்தலை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் படுக்கப் போய்விட்டார். குசினி மேசையில் ஆரணி எனக்கு எதிரே இருந்தாள். போத்தலைத் திறந்து, எங்கள் சில்வர் தம்ளர்கள் இரண்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். யன்னலால் வந்த வெயிலில் அது பொன்னிறமாக இருந்தது. எனக்கு வாயில் ஆயிரம் கேள்வி. நாக்கு நுனியில் நிற்கிறது. விட்டால் அவள் “ம்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவாள், நேரே மச்சாள் வீட்டுக்குத்தான் போவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

தம்ளரை எடுத்தேன். ஒரு மிடறு வாய் நிறைய எடுத்தேன். விழுங்கவில்லை.

முதலில் இனிப்பு. பிறகு ஒரு புளிப்பு. பிறகு தொண்டை வாசலில் ஒரு சூடு. துப்பவும் முடியாது, பேசவும் முடியாது. வெளியே, இந்த ஊரில் வீட்டுக்கு வீடு திரிகிற நரிகளில் ஒன்று வேலியோரம் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் அம்மா” என்றாள் ஆரணி.

கண்ணில் நீர் முட்டியது. மண்டபம், சொந்தக்காரர், அவர்களுடைய முகம் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. மிடறை விழுங்கியிருந்தால் அவ்வளவையும் கத்தியிருப்பேன். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கத்தாதது அவளுக்கே அதிசயமாக இருந்திருக்க வேண்டும்.

“அவர் கூடாத ஆள் இல்லை. ஆனா நான் வாய் திறக்க முதல் எனக்கும் சேர்த்து அவரே கதைச்சிடுவார். ரெஸ்டோரண்ட்டில எனக்கு என்ன பிடிக்கும் எண்டு அவரே சொல்லுவார். பிறகு விருப்பம்தானே எண்டு கேட்பார். நானும் ம் எண்டிடுவன்.” நிறுத்தினாள். தம்ளரைச் சுழற்றினாள். “உங்களை மாதிரியே, அம்மா.”

குளவி கொட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. வாய்க்குள் இருந்தது சூடாகிக்கொண்டே போனது. அப்போதும் விழுங்கவில்லை.

“கலியாணம் வேண்டாம் எண்டு மட்டும்தான் மாமிக்குத் தெரியும். ஏன் எண்டு கேட்டவ. சொல்லேல்லை. சொன்னா உங்களைப் பற்றிக் குறை சொன்ன மாதிரி வரும். அது என்னால ஏலாது அம்மா.” அவள் போத்தலைத் தொட்டாள். “இந்தப் போத்தலும் நான் தனியப் போய்த்தான் எடுத்தனான். உங்களுக்குப் பிடிக்க வேணும் எண்டு எல்லாத்தையும் ருசி பாத்து.”

பிள்ளையின் கலியாணம் குழம்பிக் கிடக்கிறது. குழப்பியவன் என்னைப் போலவே ஒருவன் என்று அவள் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஆனால் என் நெஞ்சில் போய் இருந்தது வேறு. மச்சாள் கேட்டிருக்கிறார். மிடறை வாயில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, வழக்கம்போலக் காத்தும் இருந்திருப்பார். அப்படியிருந்தும் இவள் சொல்லவில்லை. என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கண்ணைத் துடைத்தாள். இன்னும் இருந்தது அவளிடம்.

விழுங்கினேன்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து பிள்ளை” என்று தம்ளரை நீட்டினேன்.